ஒட்டுவதற்கு முன் எடுப்பதை நினைப்போம்

(நூற்றாண்டு ஏட்டுக்கான பக்கங்களைத் தயாரிக்கும் பழைய மாணவிகளின் ஒன்றுகூடலில் ஏட்டுக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஒவ்வொரு உயர்தர வகுப்புப் பிரிவினரும் 12 அங்குலச் சதுர மட்டையில் ஒரு பக்கம் செய்து தரவேண்டும் என்று சங்கம் கேட்டிருந்தது. பக்கங்கள் வரத் தொடங்கிவிட்டன. வெளிநாட்டுக் கிளை ஒன்றிலிருந்து வந்த பக்கத்தில் பிளாஸ்ரிக் முத்துகள், நுரைத்துண்டின் மேல் உயர்ந்து நிற்கும் பட்டாம்பூச்சிகள், மினுக்கத் தூள் எல்லாம் உண்டு. கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் அதை வைத்தபின் ஏடு மூடவில்லை. மினுக்கத் தூள் இன்னும் எங்கள் சேலைகளில் இருக்கிறது.

அலங்காரம் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. நாங்களும் ஒரு காலத்தில் கண்டதையெல்லாம் ஒட்டியவர்கள்தான். எங்கள் பழைய ஏட்டின் கதையைச் சொன்னால் நாங்கள் கேட்பது என்னவென்று விளங்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் செய்த அந்த ஏட்டில் வலைப்பந்தாட்ட அணிக்கு ஒரு பக்கம் இருந்தது. நடுவில் கறுப்பு வெள்ளைக் குழுப்படம். படத்தின் முதுகு முழுவதும் கடையில் வாங்கிய வெள்ளைப் பசை. அதுவும் போதாதென்று நான்கு ஓரங்களிலும் செலோரேப். மேலே இல்லத்தின் சிவப்பு றிபனைக் குண்டூசியால் குத்தினோம். கீழ் மூலையில் மட்டும் ஒருத்தி, சாட்டின் துணித் துண்டில் சமிக்கி வைத்துத் தான் தைத்த ஒரு பூவை, ஊசி நூலால் நான்கு தையல் போட்டு இணைத்தாள். பசைப் போத்தல் வேறொருவர் கையில் இருந்ததாம். அதுதான் காரணம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனமெல்லாம் தென்மராட்சிப் பக்கம் நடந்ததை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மழையில் ஏடும் ஒரு சைக்கிள் கரியரில் அரிசிச் சாக்குக்குள் வந்தது. பல நாட்களுக்குப் பிறகே திறந்து பார்க்க முடிந்தது. மாப்பசையால் ஒட்டிய பழைய பக்கங்களில் படங்கள் தாமாகவே விட்டுக் கழன்றிருந்தன. நிழலில் உலர்த்தி எடுத்தோம். வலைப்பந்தாட்டப் பக்கத்திலோ படம் மட்டையோடு ஒன்றாகிவிட்டது. செலோரேப் மஞ்சளாகி, அதன் பிசின் படத்துக்குள் ஊறியிருந்தது. றிபனின் சாயம் வடிந்து, குண்டூசியின் துருவோடு சேர்ந்து, நின்றவர்களில் ஒருத்தியின் முகத்தை மறைத்துவிட்டது.

A9 வீதி 2002 இல் திறந்தபிறகு வன்னியிலிருந்து ஒரு தாய் பாடசாலைக்கு வந்தார். மகள் இப்போது இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வீட்டுப் படங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. பாடசாலையில் ஏதும் இருக்குமோ என்று கேட்டார். அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டினோம். எந்த முகத்தில் கறை என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. படத்தைக் கழற்றப் பார்த்தோம். ஓரம் கிழிந்தது, நிறுத்திவிட்டோம். அவர் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. விரலால் கீழ் மூலையைத் தடவி, "இது என்ர பிள்ளை தைச்சதோ?" என்று கேட்டார். ஓம் அம்மா, அவள்தான் என்றோம். நான்கு தையலையும் வெட்டி அந்தப் பூவை அவர் கையில் கொடுத்தோம். மட்டையில் ஊசித் துளைகள் மட்டும் இருக்கின்றன.

அதனால்தான் பக்கம் செய்பவர்களிடம் ஒன்றைக் கேட்கிறோம்: எதை இணைத்தாலும், பக்கத்தையும் பொருளையும் கெடுக்காமல் திரும்ப எடுக்கக்கூடியதாக இணையுங்கள்.

தையல்தான் முதலாவது. பொத்தான், சமிக்கி, துணிப்பூ, பின்னல் ஓரம், எதுவானாலும் தைக்கலாம். மட்டைக்கு அடியில் மடித்த துவாயை வைத்து, முதலில் வெறும் ஊசியால் துளையிட்டுக்கொள்ளுங்கள். துளைகளை மிக நெருக்கமாகப் போட்டால் மட்டை முத்திரைத்தாள் போலக் கிழியும். பாரமான பொத்தானுக்குப் பின்புறம் இன்னொரு சிறு மட்டைத் துண்டு வைத்துத் தையுங்கள். முடிச்சு பின்னால் வரட்டும். அடுத்த பக்கத்தில் உரசாமல் இருக்க மெல்லிய தாளால் மூடிவிடுங்கள்.

றிபனுக்கு ஊசிகூட வேண்டாம். மட்டையில் இரண்டு கீறல் போட்டு நுனிகளைப் பின்னால் இழுத்துவிட்டால் போதும். ஆனால் முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் துணியில் இறங்கினால் அந்த றிபன் வேண்டாம். சிவப்பு இல்லத்துக்காரர் கோபிக்கக்கூடாது, அனுபவத்தில் சொல்கிறோம்.

பாடசாலை முற்றத்துப் பூக்களைக் காயவைத்து அனுப்பப் பலர் ஆசைப்படுகிறீர்கள். பத்திரிகைத் தாள்களுக்கு நடுவில் வைத்துப் பாரமேற்றி, தாள்களை அடிக்கடி மாற்றுங்கள். மாரிகாலத்தில் அவசரப்பட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். காய்ந்த பூவின் மேல் பசை பூசாதீர்கள். பேராதனைப் பூங்காவில் இருப்பதுபோன்ற உலர்தாவரக் களஞ்சியங்களில் காம்பின் குறுக்கே மெல்லிய தாள் பட்டி வைத்து, பட்டியின் இரு நுனிகளை மட்டும் ஒட்டுவார்கள். செடி அசையாது, பசையும் படாது.

சார்வோலையில் பின்னிய பூ, நட்சத்திரம் அனுப்புகிறவர்களுக்கு எங்கள் தனி நன்றி. பொருளாதாரத் தடைக் காலத்தில் வேறொன்றும் கிடைக்காமல் ஓலையால் அலங்கரித்த பக்கங்கள் எங்களிடம் உண்டு. இன்றைக்கும் ஏட்டில் மிக அழகானவை அவைதான் என்பது எங்கள் எண்ணம். அவற்றையும் நூலால் கட்டுங்கள்.

மாணவ முதல்வர் சின்னம், சாரணியர் சின்னம் போன்ற உலோகங்களைப் பக்கத்தில் குத்தவே வேண்டாம். தாளில் சிறிய உறை மடித்து அதற்குள் வையுங்கள். ஸ்ரேப்ளர் கம்பியும் அப்படியே. நம் ஊர் உப்புக்காற்றில் துரு வர அதிக காலம் எடுக்காது.

படங்களின் மேல் எந்தப் பசையும் படக்கூடாது. தாளில் முக்கோண மூலைகள் மடித்து, மூலைகளை மட்டும் மட்டையில் ஒட்டிப் படத்தைச் செருகுங்கள். சமிக்கியோ முத்தோ படத்தோடு முட்டாமல் அரை அங்குலம் தள்ளி இருக்கட்டும். பெயர்களைப் படத்தின் முதுகில் போல்பொயின்ற் பேனையால் அழுத்தி எழுதாமல், மட்டையில் பென்சிலால் எழுதுங்கள். எல்லோருடைய பெயரையும், இடமிருந்து வலமாக.

பசை தேவைப்படும் இடத்துக்குக் கோதுமை மாப்பசையே போதும். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், கட்டிபடாமல் கரைத்து, கண்ணாடிபோல வரும்வரை மெல்லிய நெருப்பில் கிண்டி, ஆறியபின் துணியில் வடியுங்கள். இரண்டு மூன்று நாளுக்குமேல் வைக்க வேண்டாம். மெல்லிதாகப் பூசி, பாரம் வைத்து நன்றாக உலர விடுங்கள். ஈரமும் தடித்த பசையும் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. எங்கள் பாட்டிமார் பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, தாளுக்கும் கூடாது. சேர்க்காதீர்கள்.

இனிமேல் செய்பவர்களுக்கு இவ்வளவும். ஏற்கெனவே நுரையும் முத்தும் ஒட்டி அனுப்பியவர்கள் கவலைப்படவேண்டாம். ஒரு பக்கத்தையும் நாங்கள் திருப்பி அனுப்பப்போவதில்லை. அவற்றுக்கு நடுவில் தடித்த சட்டம் வைத்து ஆழமான தனிப் பெட்டியில் அடுக்குகிறோம். பட்டாம்பூச்சிகள் நசியாது.

அந்த வலைப்பந்தாட்டக் குழுப்படத்தின் இன்னொரு பிரதி உங்களில் யாரிடமாவது, எந்த நாட்டிலாவது, இருக்கக்கூடும். பழைய பெட்டிகளைத் தயவுசெய்து ஒருமுறை திறந்து பாருங்கள். மட்டையில் ஒட்டியிருந்தால் கழற்ற முயலாதீர்கள். அப்படியே படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். தாயாரின் முகவரி எங்களிடம் இருக்கிறது.

பின் வரிசை மேசைகளில் ஊசி, நூல், மட்டை, இன்று காலை காய்ச்சிய பசை எல்லாம் வைத்திருக்கிறோம். தேநீருக்குப் பிறகு வாருங்கள். கண்ணாடி கொண்டுவந்தவர்கள் ஊசியில் நூல் கோர்த்துக் கொடுக்கலாம்.