பிசினில் சிக்கிய ஈயின் சொந்தம்

வேப்பமரத்துப் பிசினில் எறும்பு ஒட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான், டைனோசர் காலத்தில், ஸ்பெயின் நாட்டில் ஒரு சின்னஞ்சிறு ஈ மரப்பிசினில் மாட்டிக்கொண்டது. பிசின் இறுகி அம்பர் ஆயிற்று. ஈயும் உள்ளேயே தங்கிவிட்டது. 1999-இல் அதற்கு அலவேசியா என்று பெயர் வைத்தார்கள். எப்போதோ அழிந்துபோன ஈ என்றுதான் நினைத்தார்கள்.

அழியவில்லை!

ஆப்பிரிக்காவில், நமீபியா நாட்டில், பாலைவனத்தை ஒட்டி ஒரு கருங்கல் மலை. பிராண்ட்பெர்க் என்று பெயர். அந்த நாட்டிலேயே உயரமான மலை அதுதான். அங்கே உயிரோடு பறந்துகொண்டிருக்கிறது அலவேசியா. 2010-இல் இந்தச் செய்தி வெளிவந்தது. பிசினில் கிடந்த அதே ஈ இல்லை. அதன் நெருங்கிய சொந்தம். உலகம் அதுவரை அறியாத புது இனம்.

எப்படி அடையாளம் கண்டார்கள்? இத்தனை சிறிய ஈக்களை மைக்ரோஸ்கோப்பில்தான் பார்க்க வேண்டும். முக்கியமாக இறக்கை நரம்புகளை. நரம்பு எங்கே கிளை பிரிகிறது, எங்கே சேருகிறது என்று பொறுமையாகப் பார்ப்பார்கள். கல்லாகிப்போன பிசினுக்குள்ளும் அந்த நரம்புகள் தெளிவாகத் தெரியும். எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.