ஏமாத்துற கேம்ல ஏன் கோபம் வரமாட்டேங்குது?

இந்த எபிசோடை போளூர்ல இருந்து பதிவு பண்றேன். திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர் இல்லை. கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சின்னு மேற்கே போனா வர்ற மலைக்கிராமம். எங்க சித்தி வீடு இங்கதான். லீவுக்கு வந்திருக்கேன். நடுவுல நாய் குரைச்சா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

இன்னைக்குப் பேசப்போறது நம்மள ஏமாத்துற கேம்களைப் பத்தி. ட்ரோல் கேம், ட்ராப் கேம்னு சொல்வாங்க. பார்க்க மாரியோ மாதிரியே இருக்கும். ஓடணும், தாவணும், கடைசியில இருக்குற கதவைத் தொடணும். ஆனா எந்தத் தரையை நம்பிக் கால் வைக்கிறீங்களோ, அந்தத் தரைதான் கீழே விழும். கதவுகிட்ட போனா கதவே நகர்ந்து ஓடும்.

என் கேள்வி இதுதான். கடையில ஒருத்தர் பத்து ரூபாய் ஏமாத்தினாக்கூட நமக்கு அன்னைக்குத் தூக்கம் வராது. இந்த கேம் அரை மணி நேரத்துல அறுபது தடவை ஏமாத்துது, நாம சிரிச்சுக்கிட்டே மறுபடியும் ஆடுறோம். அது எப்படி?

இதுக்கு முதல்ல, ஏமாத்தாத ஒரு கேமைப் பார்க்கணும். 1985ல நின்டென்டோ வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ். அதோட முதல் லெவல் ஒரு நல்ல வாத்தியார் மாதிரி. எந்த விளக்கமும் எழுதியிருக்காது. கேள்விக்குறி போட்ட பெட்டியை முட்டினா காளான் வரும். அது வலது பக்கம் போய், குழாய்ல மோதி, நம்மகிட்டயே திரும்பி வரும். பயந்துபோய் விலக நினைச்சாலும் பெரும்பாலும் நம்ம மேலயே வந்து படும். பட்டதும் மாரியோ பெருசாயிடுவார். அப்போ நமக்கு ஒரு விஷயம் புரியும்: காளான் நல்லது. இப்படித்தான் தரைன்னா நிக்கலாம், பள்ளம்னா தாவணும்னு ஒவ்வொண்ணா மனசுல பதியுது. உலகம் பூரா ஒரு தலைமுறையே இந்தப் பாடத்தைப் படிச்சது.

அடுத்த வருஷமே, 1986ல, நின்டென்டோ ஜப்பான்ல இதோட இரண்டாம் பாகத்தை விட்டாங்க. அதுல முதல் லெவல்லயே விஷக்காளான் வருது. தொட்டா அடி. இன்னொரு இடத்துல, மறைஞ்சிருக்குற குறுக்குவழியைக் கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சு உள்ளே போனா, அது நம்மள முதல் உலகத்துக்கே திருப்பி அனுப்பிடும். பாடம் சொல்லிக்கொடுத்த அதே வாத்தியார், அந்தப் பாடத்தை வெச்சே கேலி பண்றார். இது ரொம்பக் கஷ்டம்னு அமெரிக்காவுக்கு அப்போ அனுப்பவே இல்லை. 1993லதான் 'தி லாஸ்ட் லெவல்ஸ்'ங்கிற பேர்ல அங்கே போச்சு.

2007ல இது தனி வகையாவே ஆயிடுச்சு. ஜப்பான்ல இருந்து ஷோபோன் ஆக்‌ஷன்னு ஒரு இலவச கேம் வந்தது. இங்க எல்லாரும் கேட் மாரியோன்னு சொல்றது அதைத்தான். பள்ளத்தைத் தாவினா, நடு வானத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி தலையில முட்டி, நேரா குழிக்குள்ள தள்ளிவிடும். எங்க தாவுவோம்னு தெரிஞ்சே அங்க வெச்சிருக்காங்க. அதே வருஷம் மைக்கேல் ஓரைலி எழுதின 'ஐ வான்னா பி தி கை' வந்தது. அதுல மரத்துல இருந்து பழம் கீழே விழும், நாம விலகிப் போவோம். அடுத்த பழம் கீழே இருந்து மேலே விழும்!

கவனிச்சீங்களா? இந்தப் பொறி எதுவுமே மாரியோ தெரியாதவங்ககிட்ட வேலை செய்யாது. நமக்குத் தெரிஞ்சதை வெச்சுத்தான் நம்மள மடக்குது.

இதை எழுதுறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. திரையில கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் இருக்கும். உங்க ஆள் அந்தக் கட்டத்துக்குள்ள வந்தா முள் வெளியே வரும். புரோகிராமிங் முதல் வாரத்துல படிக்கிற 'இஃப்' கண்டிஷன்தான். கஷ்டமான வேலை அதுக்கப்புறம் வருது. முதல் தடவை செத்தவர் அடுத்த தடவை என்ன பண்ணுவார்? நின்னு யோசிப்பார், இல்லைன்னா ரொம்ப முன்னாடியே தாவுவார். அவர் இறங்கப்போற இடத்துல இரண்டாவது பொறி இருக்கணும். நகைச்சுவை நடிகருக்கு டைமிங் மாதிரி.

சரி, ஏன் கோபம் வரலைங்கிற கேள்விக்கு வருவோம். எனக்குத் தெரிஞ்சு மூணு காரணம்.

முதல் காரணம், பொறி இடம் மாறாது. நம்ம பரமபதத்தை நினைச்சுப் பாருங்க. அதுல பாம்பு எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா தாயம் எப்படி விழும்னு யாருக்கும் தெரியாது. பாம்பைப் பார்த்துக்கிட்டே போய் அது வாயில விழுவோம், ஒண்ணும் பண்ண முடியாது. ட்ராப் கேம் அதுக்கு நேர் எதிர். பாம்பு மறைஞ்சிருக்கும், ஆனா தாயமே கிடையாது. ஒரு தடவை பாம்பைப் பார்த்துட்டா அது உங்க சொத்து. அடுத்த தடவை அங்கதான் இருக்கும்.

இரண்டாவது, செத்தா செலவு இல்லை. ஒரு பட்டன் தட்டினா மறுபடியும் நிக்கலாம். கேட் மாரியோல இரண்டு உயிரோட ஆரம்பிப்பீங்க. பூஜ்யம் ஆனாலும் கேம் முடியாது. மைனஸ் ஒண்ணு, மைனஸ் ஐம்பதுன்னு போய்க்கிட்டே இருக்கும். அந்த எண்ணே ஒரு ஜோக்.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2015ல வந்த சூப்பர் மாரியோ மேக்கர்ல யார் வேணும்னாலும் லெவல் உருவாக்கலாம். ஆனா ஒரு விதி இருந்துச்சு. நீங்க போட்ட லெவலை நீங்களே ஆடி ஜெயிச்சாத்தான் மத்தவங்களுக்கு வெளியிட முடிஞ்சது. எவ்வளவு குழி வேணும்னாலும் வெட்டு, ஆனா முதல்ல நீயே தாண்டிக் காட்டு. ட்ரோல் லெவல் போடுறவங்க நடுவுல இன்னொரு ஒழுக்கமும் இருக்கு. ஆடுறவர் சாகவும் முடியாம வெளியே வரவும் முடியாம மாட்டிக்கிற இடம் வெச்சா, அதை மட்டமான வேலைன்னு சொல்வாங்க. கேலி பண்ணலாம், சிறை வைக்கக் கூடாது.

இப்போ இந்த வீட்டு விஷயத்துக்கு வர்றேன். சித்தி பையன் ஒன்பதாம் வகுப்பு. லெவல் டெவில் ஆடுறான். அதுல கதவு பத்தடி தூரத்துலதான் இருக்கும், போகவே விடாது. "அண்ணே, இது பொய் சொல்லும்ணே, நீங்க நம்பாதீங்க"ன்னு எனக்கே வகுப்பு எடுக்குறான். எந்த பட்டனையும் பயமில்லாம அமுக்குவான்.

சித்தி அப்படியே எதிர். போன்ல எதைத் தொடுறதுக்கு முன்னாடியும், "தம்பி, இதை அமுக்கினா காசு போயிருமா?"ன்னு கேப்பாங்க. அதுக்குக் காரணம் இருக்கு. ஒரு ஆப்ல சீரியல் பார்க்க ஏழு நாள் இலவசம்னு போட்டிருந்தது. பச்சை பட்டனை அமுக்கினாங்க. எட்டாவது நாள்ல இருந்து மாசம் 199 ரூபாய், நாலு மாசம் போயிருக்கு. பூண்டு வித்த காசு. நான் உட்கார்ந்து ரத்து பண்றதுக்குள்ள அஞ்சு பக்கம் தாண்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பக்கத்துலயும் 'தொடரவும்' பெரிய எழுத்துல, 'வேண்டாம்' சாம்பல் நிறத்துல.

தொழில்நுட்பமா பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். பச்சைன்னா சரி, பெரிய பட்டன்னா பாதுகாப்பானதுன்னு நாம பழகினதை வெச்சுத்தான் ரெண்டுமே மடக்குது. ஆனா அந்த மூணு காரணத்துல ஒண்ணுகூட ஆப்ல இல்லை. பொறி எங்க இருக்குன்னு கடைசிவரை தெரியாது. விழுந்தா நிஜக்காசு. வெளியே வர்ற வழியை வேணும்னே நீட்டி வெச்சிருக்காங்க.

இதுக்கு டார்க் பேட்டர்ன்னு பேர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ல இதுக்கு வழிகாட்டு நெறிகள் அறிவிச்சாங்க. 13 வகையைப் பட்டியல் போட்டிருக்காங்க. சந்தாவை ரத்து பண்ண விடாம சுத்தல்ல விடுறது அதுல ஒண்ணு. கேக்காமலே கூடையில பொருளைச் சேர்க்கிறது இன்னொண்ணு. உங்க வீட்ல யாருக்காவது இப்படி நடந்தா 1915ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் பண்ணலாம்.

இதைக் கேக்குறவங்கள்ல பாதிப்பேர் என்னை மாதிரி கோடு எழுதுறவங்க. உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். மாரியோ மேக்கர் விதியை நம்ம வேலைக்கும் கொண்டு வருவோம். சந்தா பக்கம் ஒண்ணை வெளியிடுறதுக்கு முன்னாடி, புதுக்கணக்கு ஒண்ணு தொடங்கி, அதை நீங்களே ரத்து பண்ணிப் பாருங்க. ஒரு நிமிஷத்துல வெளியே வர முடியலைன்னா அது மாட்டிக்கிற இடம். நான் என் டீம்ல ரிவ்யூ பண்றப்போ இதைச் செய்றேன். சில சமயம் வாக்குவாதம் ஆகும், பரவாயில்லை.

கோடு எழுதாதவங்களுக்கு வேற வேலை. வீட்ல போனைப் பார்த்துப் பயப்படுற பெரியவங்க இருந்தா, ஒரு ட்ராப் கேமை ஆடக் கொடுங்க. சித்திகிட்ட கொடுத்தோம். பதினோரு தடவை செத்தாங்க. பன்னிரண்டாவது தடவை தரைக்கு முன்னாடி நின்னு, "இது விழும்டா"ன்னு சொன்னாங்க. விழுந்துச்சு. அந்தச் சந்தேகம் காசு கேக்குற பட்டன்கிட்டயும் வரணும், அவ்வளவுதான்.

நீங்க ஆடின கேம்ல எந்தப் பொறி உங்களை ரொம்ப சிரிக்க வெச்சதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல வாசிக்கிறேன்.