மலை எங்கே போயிருந்தது?



இன்று ஒரு மலையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

பஞ்சாப் மாநிலத்தில் ஜலந்தர் என்று ஒரு நகரம் இருக்கிறது. பந்து, மட்டை போன்ற விளையாட்டுச் சாமான்கள் செய்வதில் பேர்போன ஊர். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கம். அந்த ஊர் மக்கள் மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தார்கள். தூரத்தில் வெள்ளை வெளேரென்று பனிமலை தெரிந்தது! அது பக்கத்து மாநிலமான இமாசலப் பிரதேசத்தில் இருக்கும் தௌலாதார் மலை. நூறு கிலோமீட்டருக்கும் மேல் தூரம். இளவட்டங்கள் பலர் அதைத் தங்கள் ஊரிலிருந்து பார்த்ததே இல்லை.

அதுவரை மலை எங்கே போயிருந்தது? எங்கும் போகவில்லை. அங்கேயேதான் இருந்தது. நடுவில் புகையும் தூசியும் திரை போட்டிருந்தன.

அது கொரோனா நோய் பரவிய நேரம். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பஸ், கார் ஓடவில்லை. பெரும்பாலான தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன. கட்டட வேலை நின்றது. புகை குறைந்தது. அந்த மார்ச்சில் வட இந்தியாவில் மழையும் நன்றாகப் பெய்தது. அதுவும் காற்றைக் கழுவியது. மலை தெரிந்தது. தெருவில் இரைச்சல் அடங்கியதால் குருவிச் சத்தமும் காதில் விழுந்தது.

அப்போது சொன்னதெல்லாம் உண்மை என்று நினைத்துவிடாதீர்கள். ஒடிசாவில் ருசிகுல்யா ஆறு கடலில் சேரும் இடத்தில் ஆயிரக்கணக்கான ஆமைகள் முட்டையிட வந்தன. 'ஊரடங்கால்தான் வந்தன' என்று பலர் சொன்னார்கள். ஆனால் ஊரடங்குக்குச் சில நாள் முன்பே அவை கரையேறத் தொடங்கிவிட்டன. அது அவை முட்டையிடும் பருவம். நாம்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டோமே! தேதியைப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் மறக்க முடியாது. மலை தெரிந்த அதே நாட்களில்தான் கூலி வேலை போன தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பினார்கள். நூற்றுக்கணக்கான மைல்! தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை. அந்த விலை கொடுத்து நமக்கு மலை வேண்டாம்.

அந்தச் சுத்தமும் நிலைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் டில்லியைப் பழையபடி புகை மூடியது.

சரி, ஊரே ஓய்ந்திருந்தபோதும் ஓயாமல் புகைந்தது எது தெரியுமா? நம் விறகடுப்பு! தெருவில் காற்று சுத்தமானது. அடுப்படியில் ஆகவில்லை. புகையில் மிக நுண்ணிய தூசி இருக்கிறது. அதன் பருமன் நம் தலைமயிரில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்விடும். மலையை மறைத்ததும் இது போன்ற தூசிதான். அடுப்பு ஊதும் பெண்ணும், அவள் மடியில் கிடக்கும் குழந்தையும் தினமும் அதைச் சுவாசிக்கிறார்கள்.

காய்ந்த விறகு வைத்தால் புகை குறையும். கூரை வழியாகப் புகைபோக்கி வைத்தால் இன்னும் குறையும். கேஸ் அடுப்பில் மிகக் குறைவு. ஆனால் சிலிண்டருக்குப் பணம் வேண்டுமே என்பீர்கள். நியாயமான கேள்விதான். அதைத்தான் இன்று நாம் கூடிப் பேச வேண்டும்.

நாளை வரும்போது ஒன்று செய்யுங்கள். உங்கள் அடுப்படிச் சுவரை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கொண்டு வாருங்கள்.