சமுத்திரத்தின் அடியில் ஒரு காது
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ரிடையர் ஆனவன் பென்ஷன் விதிகளைப் பற்றித்தான் பேசுவான் என்று செயலாளர் நினைத்திருப்பார். நானோ, ஐம்பது வருஷங்களுக்கு முன் படித்த பௌதிகத்துக்குத் திரும்பப் போகிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா பக்கம் கடலடியில் 9.1 அளவில் பூகம்பம் வந்ததும், சுனாமி நம் கரையில் ஏறியதும் நாம் மறக்கக்கூடியதல்ல. அதன் பிறகு, 2007-ல் ஹைதராபாத்தில் நமக்கு எச்சரிக்கை மையம் அமைந்தது. ஆனால் அது பூகம்பம் நடந்த பின் சொல்வது. நடக்குமுன் பாறை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்க ஜப்பான்காரர்கள் முயன்றிருக்கிறார்கள்.

ஜப்பானின் தென்மேற்கே நான்காய் என்ற கடலடிப் பள்ளம் இருக்கிறது. அங்கே பிலிப்பைன் கடல் தட்டு ஜப்பானுக்கு அடியில் நுழைகிறது. 1944, 1946 ஆகிய வருஷங்களில் அங்கே இரண்டு பெரும் பூகம்பங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அடுத்தது வரும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை.

பி.எஸ்ஸி. படிக்கையில் எங்கள் லேபில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு இருக்கும். மூச்சுக்காற்று பட்டாலே முள் ஆடும். அப்படிப்பட்ட ஒன்றைக் குழாயின் நுனியில் கட்டி, 1,900 மீட்டர் தண்ணீரைத் தாண்டி, கடலடித் தரையில் துளையிட்டு, இன்னும் 900 மீட்டர் கீழே இறக்கவேண்டும். தரையை அடையுமுன்பே சுமார் 190 மடங்கு காற்றழுத்தம்! முரடாகவும் இருக்கவேண்டும், நுட்பமாகவும் இருக்கவேண்டும்.

சிக்யூ என்ற கப்பலிலிருந்து 2009-ல் ஒத்திகை பார்த்தார்கள். அழுத்தத்தைவிடப் பெரிய வில்லன் குரோஷியோ நீரோட்டம். காற்றில் கம்பி ரீங்காரமிடுமே, அதுபோல, ஓடும் நீர் குழாயின் இரு பக்கமும் மாறி மாறிச் சுழிக்க, குழாய் உதறியது, கருவிகள் சேதமாயின. பரிகாரம் என்ன தெரியுமா? குழாயின் நீளவாக்கில் கயிறு கட்டினார்கள்! அது சுழல்களை உடைத்து அதிர்வைக் குறைத்தது. கோடிக்கணக்கில் செலவழித்த திட்டத்தைக் காப்பாற்றியது கயிறு என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

2010 டிசம்பரில் கருவிகள் நல்லபடியாக இறங்கின. அதிர்வுமானி, சாய்வுமானி, பாறை எவ்வளவு நெரிகிறது என்று அளக்கும் கருவி, எல்லாம் ஒரே கோவையாக. பாறையின் அசைவு நேராகக் கிடைக்கவேண்டுமே, அதற்காகச் சுற்றிலும் சிமெண்ட் நிரப்பினார்கள். அதன் பிறகு எடுத்து ரிப்பேர் பார்ப்பது என்ற பேச்சே இல்லை. 2013-ல் கடலடி கேபிளுடன் இணைத்ததும் செய்தி உடனுக்குடன் கரைக்கு வந்தது.

பலன்? பாறையின் நுண்துளைகளில் இருக்கும் நீரின் அழுத்தத்தையும் அளந்தார்கள். பாறை நெரிந்தால் அது ஏறும், தளர்ந்தால் இறங்கும். 2011 முதல் 2016 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். 8 முதல் 15 மாதங்களுக்கு ஒருமுறை, சில நாட்களோ வாரங்களோ எடுத்துக்கொண்டு, தட்டு 1 முதல் 4 சென்டிமீட்டர் வரை சத்தமில்லாமல் நழுவுகிறது! கரையில் யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் தட்டு நகர்வதில் 30 முதல் 55 சதவீதம் இப்படியே தீர்ந்துவிடுகிறதாம்.

மீதி எவ்வளவு அடைபட்டுக் கிடக்கிறது என்பதுதான் இப்போதைய கேள்வி. அதற்காக 2016-லும் 2018-லும் மேலும் இரண்டு துளைகளில் இத்தகைய கருவிகளை இறக்கியிருக்கிறார்கள். இரண்டாவது, பள்ளத்தின் விளிம்புக்கு வெகு அருகில்.