வைத்தியனின் பயிற்சியும் ஒழுக்கமும்



யான் மிஷன் பாடசாலையிற் கற்றவன். கிரேக்க தேசத்து இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் வைத்தியப் பிரமாணத்தைப் பதினைந்து வயதிலேயே அங்கு கேட்டறிந்தேன். அதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க உபதேசமொன்று நம் சரக சங்கிதையில் உண்டென்பதை அறியவோ பல்கலைக்கழகம் புகவேண்டியிருந்தது. சற்று நாணத்துடனேயே இதனைச் சொல்லுகிறேன்.

அந்நூலின் விமானத்தானத்து எட்டாம் அத்தியாயத்தில் ஒரு வியப்பு உண்டு. ஆசிரியன் மாணாக்கனைச் சோதிப்பதற்கு முன்னர், மாணாக்கன் ஆசிரியனைச் சோதிக்க வேண்டுமாம்! செருக்கும் பொறாமையும் கோபமும் இல்லாதவனா, துன்பம் பொறுப்பவனா, மாணாக்கரிடத்து அன்புடையவனா, விளங்க வைக்கும் ஆற்றலுடையவனா என்று ஆராய்ந்த பின்னரே அவனை அடைய வேண்டும். எங்கள் விரிவுரையாளர் சிலர் இதனைக் கேட்டால் என்ன சொல்வார்களோ அறியேன்.

கைப்பயிற்சியைப் பற்றிச் சுசுருதர் கூறுவதையுங் கேளுங்கள். மாணாக்கன் எடுத்தவுடன் மனித உடலிற் கத்தி வைப்பதில்லை. பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களில் அறுக்கப் பழகுகிறான். தாமரைத் தண்டிலும் இறந்த விலங்கின் நரம்பிலும் குத்திப் பழகுகிறான். பலாச்சுளையிலிருந்து கொட்டையை எடுத்தும், தடித்த துணியைத் தைத்தும், துணியாற் செய்த பாவைக்குக் கட்டுக் கட்டியும் பழகுகிறான். நூல் மட்டுங் கற்றவனும் கைத்தொழில் மட்டும் அறிந்தவனும் ஒற்றைச் சிறகுப் பறவை போல்வர் என்பது அவர் தீர்ப்பு.

கையையும் நினைவையும் பரீட்சை சோதித்துவிடும். 1984 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த வைத்தியமும் முறையான பாடமாகிவிட்டது, நல்லதே. ஆனால் கற்றவனுடைய கோபத்தையும் ஆசையையும் எந்த வினாத்தாள் சோதிக்கும்? சரகருடைய உபதேசம் அங்கேதான் தொடங்குகிறது. உயிர் போகும் நிலை வரினும் நோயாளிக்குத் துரோகம் எண்ணாதே. பிறர் பொருளையும் பிறர் மனையாளையும் மனத்தாலும் விரும்பாதே. நோயாளியின் இல்லத்துள் அறிமுகமான ஒருவருடன் அனுமதி பெற்றே செல். அங்கே கண்டதை வெளியிற் பேசாதே. அறிந்தவனாயினும் உன் அறிவைப் புகழ்ந்து கொள்ளாதே என்றெல்லாம் அக்கினி முன்னிலையில் ஆசிரியன் சொல்ல, மாணாக்கன் அவ்வாறே செய்வேன் என்று ஏற்கிறான்.

நமக்கு ஒவ்வாதனவும் அதில் உண்டு, மறைப்பது நேர்மையன்று. அரசன் வெறுத்தவர்க்கும், கணவனோ காப்பாளனோ அருகில் இல்லாத மகளிர்க்கும் வைத்தியஞ் செய்யாதே என்கிறது அது. கருணை பேசும் ஏட்டில் இவ்வரிகள் எப்படிப் புகுந்தன? பழையது என்பதற்காக இவற்றையும் நாம் சுமக்க வேண்டியதில்லை.

இன்னொரு கட்டளைதான் என்னை நெடுநாளாக அலைக்கழிக்கிறது. நோயாளியின் ஆயுள் முடிவதை அறிந்தாலும், சொல்வதால் அவருக்கோ பிறருக்கோ பேரதிர்ச்சி நேருமாயின் அவ்விடத்தில் அதனைச் சொல்லாதே என்கிறார் சரகர்.

எங்கள் அப்பாச்சி படுத்த படுக்கையாக இருந்தபோது ஊர்ப் பரியாரியார் வந்து நாடி பார்த்தார். படலையடியிற் பெரியப்பாவை மட்டும் அழைத்து ஏதோ சொன்னார். அதன்பின் மருந்து எதுவுந் தரவில்லை, காசும் வாங்கவில்லை. ஆயினும் பதினொரு நாளும் மாலையில் வந்து, அப்பாச்சியின் கையைப் பிடித்தபடி திண்ணையில் அரைமணி நேரம் இருப்பார். பழைய கோயிற் திருவிழாக்களைப் பற்றி இருவரும் பேசுவார்கள். அப்பாச்சி சிரித்ததும் உண்டு. நோயாளரிடத்துக் கருணை, தீரும் நோயில் ஊக்கம், சாவை அணுகியவரிடத்துப் பற்றற்ற அமைதி என்று சரகர் வகுத்ததைப் படித்தபோது அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது. பற்றற்ற அமைதி என்றால் வராமல் விடுவது என்று நினைத்திருந்தேன். அவரோ நாள் தவறாமல் வந்தார்.

ஆனால் கொழும்பில் வேலையாயிருந்த என் தகப்பனாருக்கு எவரும் சொல்லவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே” என்று பரியாரியாரிடம் கேட்டார். பரியாரியார் மறுமொழி சொல்லாமல் தலை குனிந்து நின்றார். அவரைக் குற்றஞ் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐயாவின் கேள்வியைத் தள்ளவும் முடியவில்லை. இந்தச் சபையில் வருங்கால வைத்தியர் சிலர் இருக்கிறீர்கள். அவ்விடத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.