விடாமுயற்சியும் வித்தையும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



ஒரு பரீட்சையில் தவறிய பிள்ளையை, 'இவனுக்குப் படிப்பு வரவில்லை' என்று சொல்லிக் கடைக்கோ களத்திற்கோ அனுப்பிவிடும் பெற்றோர் நம்முள்ளும் உளர். படிப்புத் தானே வருவதன்று. நாமே அதனை நாடிச் செல்லுதல் வேண்டும். இதற்குச் சான்றாக, மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் சரித்திரத்தில் ஒரு பகுதியை எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட ஐயரவர்கள், 1880-ஆம் ஆண்டிற் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே அவ்வூர் முன்சீபாயிருந்த சேலம் இராமசுவாமி முதலியார், தாங்கள் கற்ற நூல்கள் யாவை என அவரை வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை எனப் பலவற்றை ஐயரவர்கள் அடுக்கினார். முதலியார் வியந்தாரல்லர், சீவக சிந்தாமணி படித்ததுண்டோ என்றார். இல்லை என்பதே விடையாயிற்று.

பின்னர் முதலியார் தந்த பிரதியைப் பயிலத் தொடங்கியபோது, பல இடங்களிற் பொருள் விளங்கவில்லை. அது சமண காவியம். அவர் பெரிதும் கற்றவையோ சைவ நூல்கள். நாணி ஒதுங்கியிருப்பின் அத்துடன் முடிந்திருக்கும். அவரோ அவ்வூர்ச் சமணர் இல்லம் தேடிச் சென்று, ஆசிரியர் என்னும் நிலையை மறந்து, மாணாக்கரைப்போல் ஐயம் வினவித் தெளிந்தார். ஏட்டுப் பிரதிகள் பலவற்றைத் தொகுத்துப் பாடபேதங்களை ஒப்புநோக்கினார். 1887-இல் நச்சினார்க்கினியர் உரையுடன் சிந்தாமணி அச்சேறிற்று.

அந்நூலுக்கு ஏழாண்டு சென்றது. அடுத்து 1889-இற் பத்துப்பாட்டும், 1892-இற் சிலப்பதிகாரமும், 1894-இற் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வெளிவந்தன. கூரிய அறிவு அவர்க்கு முன்னரே இருந்தது. ஏடாராயும் ஆற்றலோ அத்தொழிலைச் செய்து செய்தே வளர்ந்தது. அறிந்ததையே மீண்டும் மீண்டும் செய்தல் பழக்கம். அறியாததனோடு போராடுதலே பயிற்சி.

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நாம் வழங்கும் உபகாரச் சம்பளம், மாணாக்கர் ஒருமுறை தவறினால் நிறுத்தப்படுகிறது. உதவி மிகவும் வேண்டப்படும் காலம் அதுவன்றோ? மறுமுறை எழுத முன்வருவோர்க்கு இன்னும் ஓராண்டு அதனை நீட்டித்தருள வேண்டுகிறேன். இது சோம்பலை வளர்க்கும் என்று சிலர் அஞ்சுவர். ஒழுங்காகப் பயில்கின்றனர் என ஆசிரியர் தரும் சான்றைத் திங்கள்தோறும் பெற்றுக் கொடுப்பின் அவ்வச்சம் நீங்கும்.

முந்தி வருவோர்க்குப் பரிசளிக்கப் பலர் உளர். விழுந்து எழுவோர்க்குக் கைகொடுத்தல் நம் சங்கத்தின் கடமையாகுக.