‘ஆம்’ இல்லாத மொழி



‘அமைச்சர் வந்தார்’ என்பதும் ‘அமைச்சர் வந்தாராம்’ என்பதும் ஒன்றல்ல. முன்னதற்குச் சொல்பவரே பொறுப்பு. பின்னதன் ஈற்றில் நிற்கும் ‘ஆம்’, இது கண்டதன்று, கேட்டது என உணர்த்துகிறது. மலாய் மொழியின் ‘கொனோன்’ ஏறத்தாழ இப்பணியைச் செய்வதை இவ்வூரார் அறிவீர்கள். இத்தகைய சொல் இல்லாத ஒரு மொழியை இன்று ஆராய்வோம். அது திரைப்படத்தின் மொழி.

1980களின் இறுதியில் சென்னைத் திருவான்மியூரில் ஆட்டோ சங்கரும் அவன் கூட்டாளிகளும் செய்த கொலைகள் தமிழகத்தை உலுக்கின. அதிகாரத்தில் இருப்போர் அவனுக்குத் துணை நின்றனராம் என்ற பேச்சும் பரவிற்று. அவ்வழக்கைத் தழுவி, ஆர். கே. செல்வமணி இயக்கத்தில், விஜயகாந்த் காவல் அதிகாரியாக நடித்த ‘புலன் விசாரணை’ 1990இல் வெளிவந்தது. விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்போ 1991இல்தான் வந்தது. ஊர்ப்பேச்சின் ‘துணை நின்றனராம்’ என்பது திரையில் ‘துணை நின்றனர்’ என்றாயிற்று.

இவ்வகைப் படங்கள் இரண்டிடத்தில் கடன் பெறுகின்றன. தலைப்பை நீதிமன்றத்திடமிருந்து பெறுகின்றன: புலன் விசாரணை, குற்றப்பத்திரிகை. காட்சியையோ, வன்முறையும் கவர்ச்சியும் காட்டிக் காசு சேர்க்கும் மலிவுப் படங்களிடமிருந்து பெறுகின்றன. தலைப்பு நம்பச் சொல்கிறது. காட்சி நம்மைச் சிந்திக்க விடுவதில்லை. ராஜீவ் காந்தி கொலையைப் பொருளாகக் கொண்ட ‘குற்றப்பத்திரிகை’யும் செல்வமணியின் படமே. தணிக்கைச் சிக்கலால் முடங்கிக் கிடந்த அது 2007இல்தான் திரைக்கு வந்தது.

தடை செய்க என்று நாம் கூறவில்லை. அதிகாரத்தில் இருப்போர் வாய் திறவாதபோது கதை பேசத்தான் செய்யும். ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்த வழக்கில், வெளியீட்டை அரசு முன்கூட்டியே தடுக்க இயலாது என 1994இல் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பே மற்றோர் எல்லையையும் வகுத்தது: பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் உள்ளான பெண்ணின் பெயரை வெளியிட்டு அவளை மேலும் இழிவுக்கு உள்ளாக்கலாகாது.

இவ்விடத்தில் பிரையன் டி பால்மாவின் ‘புளோ அவுட்’ (1981) என்னும் அமெரிக்கப் படம் நினைவுக்கு வருகிறது. மலிவான திகில் படங்களுக்கு ஒலி சேர்க்கும் ஒருவன் ஓர் அரசியல் கொலையின் ஒலியைப் பதிவு செய்துவிடுகிறான். சதியை அவனால் மெய்ப்பிக்க இயலவில்லை. அவனுக்குத் துணைநின்ற பெண் கொல்லப்படுகிறாள். அவளது இறுதி அலறல், அவன் பணிபுரியும் திகில் படத்திற்குப் பொருத்தமான ஒலியாகப் பயன்படுகிறது. உண்மை வெளிவரவில்லை, அலறல் மட்டும் விலைபோயிற்று.

நம் படங்களிடமும் இதே வினாவைக் கேட்கலாம். சதி அம்பலமானதா, அன்றி இறந்தவரின் அலறல் மட்டும் விற்கப்பட்டதா? ‘புலன் விசாரணை’ பார்த்தோருக்கு விஜயகாந்தின் முகம் நினைவிருக்கும். கொல்லப்பட்டோரின் நினைவு எத்தனை பேருக்கு இருக்கும்?

திரைக்கு ‘ஆம்’ இல்லை. அதைச் சேர்க்க வேண்டியவர்கள் பார்ப்போராகிய நாமே. படம் முடிந்து வீடு திரும்பும்போது பிள்ளைகளிடம் ‘இப்படி நடந்தது’ என்னாது, ‘இப்படி நடந்ததாம்’ என்று சொல்வோம். அந்தச் சிறு சொல்லைத் தமிழ் நமக்குத் தந்திருக்கிறது.